சாரலுக்கும் வெயிலுக்கும் ஒரே அலமாரி: வேலைக்குப் போடும் உடுப்பைத் திட்டம் போட்டு நாமே தைப்பது

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள செங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் வேலை பார்ப்பவர்களுக்கு உடுப்பு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் சாரல். கொடியில் போட்ட துணி எடுத்து மடிக்கும்போதும் ஈரவாடை அடிக்கும். மார்ச், ஏப்ரலில் மலையைத் தாண்டி இறங்கினால் புனலூர் வெயில். கேரளத்தில் வெப்பம் அதிகம் பதிவான ஊர் எது என்று செய்தி வரும்போதெல்லாம் அடிபடும் பெயர் அது. நடுவில் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று மலைப்பாதை. இடம் கிடைக்காவிட்டால் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போக வேண்டும். ரெடிமேட் சுடிதார் தைக்கிறவர்கள் இதையெல்லாம் நினைத்துத் தைப்பதில்லை. அதனால் வேலைக்குப் போடும் உடுப்பு அத்தனையையும் நான் வீட்டிலேயே தைத்துக்கொள்கிறேன், வருஷத்துக்கு ஒரு தொகுப்பாகத் திட்டம் போட்டு.

இதைக் கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்பார்கள். 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் பரப்பிய யோசனை. 1985-ல் நியூயார்க்கில் டோனா கேரன் ஏழே உருப்படிகளை மாற்றி மாற்றிப் போடும்படி ஒரு தொகுப்பை வெளியிட்டார். அவர்கள் குளிருக்குக் கணக்குப் போட்டார்கள். நாம் ஈரத்துக்குப் போடுவோம்.

எத்தனை வேண்டும்

எத்தனை உருப்படி என்பதை, துணி காய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாரல் நேரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், கூரைக்கு அடியில், மெல்லிய பருத்தி டாப் காய இரண்டு நாள், பேண்ட் காய மூன்று நாள் ஆகும். எனக்குத் திங்கள் முதல் சனி வரை வேலை. டாப்பைத் தினம் துவைக்க வேண்டும். பேண்ட்டை இரண்டு நாள் போடலாம். திங்கள், செவ்வாய் போட்ட பேண்ட்டைச் செவ்வாய் ராத்திரி அலசிப் போட்டால் வெள்ளிக்குள் காய்ந்துவிடும். புதன், வியாழனுக்கு இரண்டாவது. வெள்ளி, சனிக்கு மூன்றாவது. அடுத்த திங்கள் முதல் பேண்ட் மடித்துத் தயாராக இருக்கும். ஆக மூன்று பேண்ட், ஆறு டாப். எந்த டாப்பும் எந்தப் பேண்ட்டோடும் சேரும் என்றால் பதினெட்டு ஜோடி. இரண்டு ஷால், ஏசி ஆபீசுக்குக் கையில்லாத ஒரு குட்டை ஓவர்கோட், செட்டுமுண்டுக்கு (கேரளத்துப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்தும் உடுப்பு) ஒரு ஜாக்கெட், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு மாடியில் நல்ல வெயில் விழுந்தால் இதைவிடக் குறைவாகப் போதும். மழை நாளில் ஒரு பழைய டாப்பையும் பேண்ட்டையும் காயப் போட்டு, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

பேண்ட்டில் தொடங்குங்கள்

கடைக்குப் போனால் கண் முதலில் டாப் துணிக்குத்தான் போகும். அழகான டாப்பை வாங்கிவிட்டு அதற்குப் பேண்ட் தேடி அலைவதால்தான், அலமாரி நிறையத் துணி இருந்தும் காலையில் உடுத்த ஒன்றும் இல்லாமல் போகிறது. மூன்று பேண்ட்டின் நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நான் எடுப்பது கருநீலம், கருஞ்சாம்பல், காப்பிக்கொட்டை நிறம். மூன்றும் பஸ் ஸ்டாண்டுச் சேற்றைக் காட்டிக்கொடுக்காது. மூன்றிலும் ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி ஒரு நோட்டில் பின் குத்தி வைத்துக்கொண்டு டாப் வாங்கப் போக வேண்டும். துணியைக் கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துண்டுகளோடு வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். டியூப்லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். மூன்றில் ஒன்றோடு மட்டும் சேராவிட்டாலும் அந்தத் துணி இந்தத் தொகுப்புக்கு ஆகாது. வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு டாப்பில் நான்கு வெறும் நிறம், இரண்டு பூப்போட்டது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, வெளிர் நீலம், சாம்பல் கலந்த பச்சை எனக்குச் சரியாக வருகின்றன. பூப்போட்டதில் பேண்ட் நிறங்களில் ஒன்றாவது இருந்துவிட்டால் சேர்ப்பது சுலபம்.

துணி வகையில் நான் பிடிவாதக்காரி. டாப்புக்கு முழுப் பருத்தி. ரேயான் கடையில் தொடும்போது வழவழவென்று நன்றாக இருக்கும், ஆனால் ஈரமானால் அதன் வலு பாதியாகிவிடும், கனத்துத் தொங்கும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் இழை இன்னும் வலுக்கும். நனைவதும் காய்வதுமாக மூன்று மாதம் போகும் ஊருக்கு அதுதான் சரி. மங்களகிரி காட்டன், கேம்பிரிக், மெல்லிய கதர் எல்லாம் நன்றாக உழைக்கும். பேண்ட்டுக்கு மட்டும் பாலியெஸ்டர் கலந்த பாலி காட்டன் எடுக்கிறேன். வெயிலில் கொஞ்சம் புழுங்கும்தான், ஆனால் சாரலில் முழுப் பருத்திப் பேண்ட் காய்வதைப் பார்த்தவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். டெனிம் வேண்டவே வேண்டாம்.

அளவு: 44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் முக்கால் கை டாப் ஒன்றுக்கு இரண்டரை மீட்டர், பேண்ட்டுக்கு இரண்டேகால். ஆறு டாப்புக்கு 15, மூன்று பேண்ட்டுக்கு ஆறே முக்கால், ஷால், ஓவர்கோட், ஜாக்கெட் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 29 மீட்டர் வரும். உடம்பு வாகு பெரிதென்றால் டாப்புக்கு கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு: ஓணத்துக்கு அந்தப் பக்கம் கைத்தறித் தள்ளுபடி, தீபாவளிக்கு இந்தப் பக்கம் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி. ஷாலுக்கும் டாப்புக்கும் அந்த நேரத்தில் வாங்கி வைத்துவிடலாம்.

வெட்டும் முன்

பருத்தித் துணி முதல் நனைப்பில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும். இரண்டரை மீட்டரில் அது ஏழெட்டு சென்டிமீட்டரிலிருந்து பன்னிரண்டு வரை போகும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணிவிடுங்கள். லைனிங் துணி, நாடா, கேன்வாஸ் ஒட்டாத காலர் துணி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். பட்டறையில் சரியாகப் பிடிக்காத சாயத்தை வீட்டு உப்பு பிடிக்க வைக்காது. சாயம் போகும் துணியை வெளிர் நிறங்களோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பது ஒன்றுதான் வழி.

கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுத்த ஓரம் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓரத்தில் ஒரு ஊடை (குறுக்கு) இழையைப் பிடித்து மெல்ல இழுத்தால் துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் ஓரம் நேராகும். பாவு (நெடுக்கு) இழை உடம்பின் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பேண்ட்டில் இது தவறினால் கால் முறுக்கிக்கொள்ளும், எத்தனை அயர்ன் பண்ணினாலும் நேராகாது.

ஒரே ஒரு பேட்டர்ன்

ஆறு டாப்புக்கும் ஒரே பேட்டர்ன், மூன்று பேண்ட்டுக்கும் ஒரே பேட்டர்ன். கழுத்தும் கையும் மட்டும் மாறலாம். முதலில் காடாத் துணியில் ஒன்று வெட்டி, கூட்டித் தைத்து, போட்டுப் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் போதாது. நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள்.

பேண்ட்டுக்கு முக்கியமான அளவு சீட். கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்து, அதோடு முக்கால் இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்க வளைவு முன்பக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காரும்போதெல்லாம் பின்னால் கீழே இழுக்கும். இடுப்பில் முன்பக்கம் கேன்வாஸ் வைத்த பட்டி, பின்பக்கம் எலாஸ்டிக். நீளம் கணுக்காலோடு நிற்கட்டும், தரையைத் தொடும் பேண்ட் ஆபீஸ் போய்ச் சேரும்போது முழங்கால் வரை ஈரம் ஏறியிருக்கும்.

டாப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது ஆம்ஹோலில், அதாவது கையைப் பொருத்தும் துளையில். செங்கோட்டையில் வெகுகாலம் தையல் கடை வைத்திருந்த என் அத்தைதான் இதைச் சொல்லிக்கொடுத்தாள். "ஏட்டி, கை தூக்கணும்னா ஆம்ஹோலை இறக்காத, ஏத்து" என்பாள். கேட்கும்போது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். லூசாக இருந்தால்தானே கை தூக்க முடியும் என்று நினைத்துத்தான் பலரும் ஆம்ஹோலை ஆழமாக வெட்டுகிறார்கள். ஆனால் ஆம்ஹோல் ஆழமாக இறங்கினால் கையும் உடலும் சேரும் இடம் கீழே போய்விடுகிறது. கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் அந்த இடம் பக்கத்துத் துணி முழுவதையும் மேலே இழுக்கும். டாப் இடுப்பு வரை ஏறும். ஆம்ஹோல் கக்கத்துக்கு நெருக்கமாக இருந்தால் கை மட்டும் உயரும், டாப் இருந்த இடத்தில் இருக்கும்.

கக்கத்துக்குக் கீழே ஒரு இன்ச்சில் ஆம்ஹோல் அடியை வையுங்கள். அதைவிடக் கீழே இறக்க வேண்டாம். கையின் மேல்வளைவை வழக்கமாக வைக்கும் உயரத்திலிருந்து அரை இன்ச் குறைத்து, மேல்கை அகலத்தில் அரை இன்ச் கூட்டுங்கள். வளைவு உயரமாக இருந்தால் கை கீழே தொங்கும்போது அழகாக விழும், தூக்கும்போது பிடிக்கும். தாழ்வாக இருந்தால் கக்கத்தில் சின்னச் சுருக்கம் விழும், கை தாராளமாக எழும்பும். எனக்குச் சுருக்கம் பரவாயில்லை. கடைசியில் டேப்பை நிமிர்த்தி ஓரமாக வைத்து ஆம்ஹோல் சுற்றையும் கை வளைவின் சுற்றையும் தையல் கோட்டின் மேல் அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

சைடு ஓப்பனும் பேண்ட் பையும்

டாப்பும் பேண்ட்டும் ஒரே கையால் தைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. டாப்பின் பக்கத் தையலில் பை வைத்தால் போன் கனத்தில் டாப் ஒரு பக்கம் இழுத்துத் தொங்கும். பையைப் பேண்ட்டில் வைத்து, டாப்பின் சைடு ஓப்பன் அதற்கு நேராக வரும்படி தைத்துவிட்டால் கை ஒரே வீச்சில் உள்ளே போகும். எல்லா டாப்புக்கும் ஒரே பேட்டர்ன் என்பதால் எந்த டாப் போட்டாலும் எந்தப் பேண்ட் போட்டாலும் இது பொருந்தும்.

பேண்ட்டின் இடுப்புப் பட்டிக்குக் கீழே ஐந்து இன்ச் விட்டு, பக்கத் தையலில் பையின் வாயைக் குறியுங்கள். வாய் ஆறரை இன்ச். பேண்ட்டைப் போட்டுக்கொண்டு டாப்பையும் போட்டு, வாயின் மேல்முனையிலிருந்து அரை இன்ச் கீழே டாப்பில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். சைடு ஓப்பன் அங்கே தொடங்க வேண்டும். வாயின் மேல்முனை மூடியே இருக்கும், கைக்கு வழி தாராளமாகக் கிடைக்கும்.

பைக்குப் பேண்ட் துணியை எடுக்காமல் மெல்லிய பாப்லினை எடுங்கள், சீக்கிரம் காயும். கையை விரித்துத் துணியில் வைத்து, சுற்றிலும் ஒன்றரை இன்ச் விட்டு வரைந்தால் பையின் வடிவம் வந்துவிடும். ஒரு பைக்கு இரண்டு துண்டு. வாய்க்குக் கீழே குறைந்தது நான்கு இன்ச் ஆழம் இருந்தால்தான் உட்காரும்போது போன் நழுவாது. ஒரு துண்டை முன்காலின் பக்க ஓரத்திலும் இன்னொன்றைப் பின்காலின் பக்க ஓரத்திலும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி வைத்துத் தையுங்கள். இந்தத் தையல், பக்கத் தையல் வரப்போகும் கோட்டுக்கு ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) வெளியே இருக்கட்டும், அப்போதுதான் பை வெளியே எட்டிப் பார்க்காது. முன்கால் ஓரத்தில் வாய் நீளத்துக்கு ஒரு பருத்தி நாடாவையும் சேர்த்துப் பிடித்துவிடுங்கள். போன் எடுத்து எடுத்து வைக்கும்போது வாய் நெகிழாமல் அதுதான் காப்பாற்றும். பைத் துண்டுகளை வெளிப்பக்கமாகத் திருப்பி அயர்ன் பண்ணிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, இடுப்பிலிருந்து வாயின் மேல்முனை வரை தைத்து, அங்கே முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டிக் கெட்டிப்படுத்தி, திரும்பிப் பையைச் சுற்றித் தைத்து வந்து, வாயின் கீழ்முனையில் மறுபடி கெட்டிப்படுத்தி, கீழே பாதம் வரை போய்விடலாம். முதல் பேண்ட்டில் நிதானமாகச் செய்யுங்கள்.

தைக்கும் வரிசை

முதலில் பேண்ட் ஒன்று, டாப் ஒன்று. அதை ஒரு வாரம் வேலைக்குப் போட்டுப் பாருங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்பதை வீட்டுக் கண்ணாடியைவிட பஸ் நன்றாகச் சொல்லும். பேட்டர்னைத் திருத்திய பிறகு மிச்சத்தை வெட்டலாம். வெட்டும் வேலையை ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு, தைப்பதை நூல் நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். சாம்பல் நூல் சாம்பல், பச்சை, வெளிர் நீலம் மூன்றுக்கும் போகும்.

ஊசி, டாப்புக்கு 11 அல்லது 14, பேண்ட்டுக்கு 14 அல்லது 16. தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். மெல்லிய டாப்பில் பக்கத் தையலுக்குப் பிரெஞ்சுத் தையல் போட்டால் ஓவர்லாக் தேவையில்லை: கெட்ட பக்கங்களைச் சேர்த்து கால் இன்ச்சில் தைத்து, ஓரத்தைப் பாதியாக நறுக்கி, திருப்பி நல்ல பக்கங்களைச் சேர்த்து மறுபடி கால் இன்ச்சில் தைக்க வேண்டும். உள்ளே பிசிறே இருக்காது. பேண்ட்டில் இதைச் செய்யாதீர்கள். கனத் துணி நான்கு மடிப்பாகச் சேர்ந்த இடம் கடைசிவரை ஈரமாகவே இருக்கும். அங்கே சாதாரணத் தையலும் ஓவர்லாக்கும் போதும். பேண்ட்டின் பக்கத்தில் ஒரு இன்ச் துணி உள்ளே விட்டுத் தைத்தால் பின்னால் பிரித்துக்கொள்ளலாம். பிரெஞ்சுத் தையல் போட்ட டாப்பைப் பிரித்துப் பெரிதாக்க முடியாது, அதனால் டாப்பை அளவெடுக்கும்போதே மூன்று நான்கு இன்ச் தாராளம் கொடுத்துவிடுங்கள்.

நான் தைப்பது மிதி மெஷினில். மழையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஈரக் காற்றில் தோல் பெல்ட் நெகிழ்ந்து வழுக்கும். அரை இன்ச் வெட்டி மறுபடி கிளிப் போட்டுவிட்டால் சரியாகும். மெஷின் எண்ணெய் தவிர வேறு எண்ணெய் விடக்கூடாது, தேங்காய் எண்ணெய் பிசினாகி இறுகிவிடும்.

ஓவர்கோட்டுக்குத் தனியாக யோசிக்க ஒன்றும் இல்லை. டாப் பேட்டர்னையே இடுப்புக்குக் கீழே நான்கு இன்ச்சோடு நிறுத்தி, முன்பக்கம் நடுவில் திறந்து, பக்கத்தில் அரை இன்ச் கூட்டி வெட்டினால் போதும். கருஞ்சாம்பல் பேண்ட் துணியில் மிச்சம் பிடித்து நான் தைத்துவிடுவேன்.

செட்டுமுண்டு ஜாக்கெட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓணத்துக்கும், கேரளம் உருவான நாளான நவம்பர் 1 கேரளப் பிறவிக்கும் ஆபீசில் எல்லோரும் கசவு, அதாவது பொன்ஜரிகைக் கரை போட்ட உடுப்பு, உடுத்தி வரும்போது அவசரத்தில் பொருந்தாத ஒன்றைப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும். 1956-ல் அதே நவம்பர் 1 அன்றுதான் எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. "உங்க ஊருக்கும் இன்னைக்குத்தானே பிறந்தநாள்" என்று பக்கத்து மேஜைச் சேச்சி ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். பாலராமபுரத்துக் கசவு நெசவைத் தொடங்கியவர்களும் திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து போன சாலியர் என்ற நெசவாளர்கள்தான், அதனால் எனக்கு அந்த உடுப்பில் தனிப் பிரியம் உண்டு. ஜாக்கெட்டுக்குச் செங்கல் சிவப்பு டாப் துணியிலேயே ஒரு மீட்டர் கூட வாங்கிவிடுங்கள். கசவுக்கு அந்த நிறம் எடுப்பாக இருக்கும், சாதாரணக் காட்டன் சேலைக்கும் போகும்.

இவ்வளவையும் எப்போது செய்வது என்றால், வாங்குவதை ஓணத்திலிருந்து தீபாவளிக்குள் முடித்து, துணியை ஜனவரியில் நனைத்து உலர்த்த வேண்டும். அப்போதுதான் வெயிலும் காற்றும் சேர்ந்து கிடைக்கும். பிப்ரவரியில் காடாவும் முதல் ஜோடியும். மார்ச் முதல் மே வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சம். ஷாலுக்கு ஓரம் அடிப்பதையும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பதையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவை சாரல் தொடங்கிய பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் செய்கிற வேலைகள்.